நங்கூரத்தில் நாற்பது ஆடுகள்

செப்டம்பர் 18, வியாழன்

காலை ஏழு மணிக்கு நங்கூரம் போட்டாயிற்று. தூத்துக்குடியை விட்டு இது நான்காம் நாள். தீவு எதிரே கிடக்கிறது. வெள்ளைக் கட்டடங்கள், பள்ளிவாசல் மினாரா, துறையில் நிற்கிற லாரியின் நிறம் வரைக்கும் தெரிகிறது. தோணியில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர், ஆடுகள் நூற்றிருபது. எல்லாம் கன்னி ஆடு, கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட எங்கள் எட்டயபுரத்துப் பக்கத்துச் சாதி. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் பதினாறு நாள். இந்தத் தீவில் ஆடு மேய இடமில்லை. குர்பானிக்கு ஆடு எங்கே என்று கேட்டு ஆட்கள் நிற்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான சரக்கு இந்த வருடம் எந்தத் தோணியிலும் ஏறியிருக்காது.

பகலில் ஏஜென்ட் ஹுசைன் படகில் வந்தார். தூத்துக்குடியில் பத்து வருடம் இருந்தவர், நம் பேச்சு பேசுவார். கூடவே கால்நடை டாக்டர். டாக்டர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசை ஆடுகளின் காதைப் பார்த்தார். ஒவ்வொரு காதிலும் எண் போட்ட வில்லை இருக்கும். எண்பது ஆட்டுக்கு வெள்ளை வில்லை, நாற்பதுக்கு மஞ்சள். வெள்ளை தீர்ந்துபோனதால் மஞ்சள் வாங்கிப் போட்டது, அவ்வளவுதான். அதை ஹுசைனிடம் சொல்லச் சொன்னேன். டாக்டர் ஒரு மஞ்சள் வில்லையைக் கட்டைவிரலால் தேய்த்தார். மை விரலில் ஒட்டியது. விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அக்டோபர் முதல் தேதி வந்து ஒவ்வொரு ஆடாகப் பார்ப்பதாகவும், அதுவரை ஆடும் ஆளும் கரையில் இறங்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

தண்டல் ரெமிஜியுஸ் என்னிடம் வந்தார். தோணியில் தண்டல் வைத்ததுதான் சட்டம். என் வயதுதான் இருக்கும், ஐம்பத்தெட்டு.

"என்னவே பாய், ரெண்டு நாள்ல எறக்கிரலாம்னீரு?"

"ஒரு காயிதம் பாக்கி தண்டல். ஊர்லருந்து வந்துரும்."

"பதிமூணாந்தேதி எம் மவளுக்குக் கல்யாணம். தெரியும்லா?"

"முதல் தேதி எறக்கினா ஆறாந்தேதி நீரு வீட்டுல. பந்தலுக்குக் கால் நட நீருதான் நிப்பீரு."

சரி என்று போய்விட்டார். ஒருவர் சொன்ன சொல்லை இரண்டாம் தரம் கேட்கிற மனிதர் இல்லை.

நேற்று அலையில் ஒரு ஆடு சறுக்கிக் கொம்பை முறித்துக்கொண்டது. கொம்பு முறிந்தது குர்பானிக்கு ஆகாது. மஞ்சள் வில்லை ஆடு. நல்லது. சாயங்காலம் நானே பிஸ்மி சொல்லி அறுத்தேன். சமையல்காரன் குரூசு ஈரலைச் சூடு ஆறுமுன் வாங்கிக்கொண்டு போய் உப்பும் மிளகும் மட்டும் தூவி இரும்புச் சட்டியில் போட்டான். பாத்திரத்துக்கு வருமுன்பே ஆறு கைகள் அதைத் தீர்த்துவிட்டன. மற்றதைக் குழம்பு வைத்தான். சின்ன வெங்காயம், சோம்பு, வறுத்து அரைத்த தேங்காய். வெள்ளாட்டுக் கறிக்கு ஒரு குணம் உண்டு. செம்மறி தன் கொழுப்பால் நாக்கை ஏமாற்றும். வெள்ளாடு ஏமாற்றாது. அது தின்ற தழையெல்லாம் அதன் சாற்றில் இருக்கும். நான்கு நாள் கருவாடு தின்ற வாய்கள். எலும்பு உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்றும் ஒன்று அறுத்தேன். ஆடுகளைப் பார்த்துக்கொள்ள நான் கூட்டிவந்த சுடலை, "ஏன் மொதலாளி, நேத்துதான அறுத்தோம்" என்றான். ஆட்கள் வேலை செய்ய வேண்டாமா என்றேன். நங்கூரத்தில் நிற்கிற தோணியில் என்ன வேலை என்று அவன் கேட்கவில்லை.

தலையும் காலும் தீயில் வாட்டிச் சுரண்டி மிளகு ரசம்போல் வைத்தான் குரூசு. ரத்தத்தைப் பொரிக்கட்டுமா என்று கேட்டான். நாங்கள் அதைத் தொடமாட்டோம். என் கண்ணில் படாமல் செய்துகொள் என்றேன். படாமல்தான் செய்தான், வாசனைதான் என் சொல்லைக் கேட்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டியைக் குச்சி விட்டுப் பார்த்தோம். ஆட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் வேண்டும். இந்தக் கணக்குக்குச் செவ்வாய் வரைதான் வரும். ஹுசைன் தண்ணீர்ப் படகு அனுப்புகிறேன் என்றார், வரவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. துறைமுகத்தைக் கூப்பிட்டால், எதுவானாலும் உங்கள் ஏஜென்ட் மூலம் கேளுங்கள் என்கிறார்கள். ஏஜென்ட்டுக்கு என்ன வந்தது என்று தண்டல் கேட்டார். காய்ச்சலாக இருக்கும் என்றேன்.

ஆடுகளுக்கு இரண்டு லிட்டராகக் குறைத்தேன். கடலைக்கொடி கொஞ்சம் இருக்கிறது. அடைப்புக்குள் ஒன்றன் மேல் ஒன்று நின்று தீவைப் பார்த்துக் கத்துகின்றன. கரைக் காற்று பச்சை வாசனையைக் கொண்டுவருகிறது போலும். மூத்திர நெடியில் கண் எரிகிறது. ஒரு ஆடு நங்கூரக் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்ததைத் தண்டல் பார்த்து, "ஒம்ம சரக்கு நம்மள அமெரிக்காவுக்கு அனுப்பிரும் போலுக்கே" என்றார்.

கறி இன்றும் உண்டு. நெஞ்செலும்பு போட்டு வெள்ளைக் குழம்பு.

செப்டம்பர் 22, திங்கள்

ஒரு ஆடு அறுக்குமுன் தானே செத்துப்போயிற்று. செத்ததைத் தின்ன முடியாது. கடலில் போடலாம் என்றான் சுடலை. போடக் கூடாது என்றேன். செத்த ஆடு ஒன்று கரை ஒதுங்கினால் நோய்த் தோணி என்று முத்திரை குத்திவிடுவார்கள். கல்லைக் கட்டி இறக்கினோம். அதுவும் மஞ்சள்தான் என்று குறித்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஆறாம் நாள் கறி. குரூசு தட்டை வைத்தான். யாரும் உடனே கை வைக்கவில்லை.

"இன்னைக்கும் கறியா?" என்றார் தண்டல்.

"மொதலாளி வீட்டு மருமவன்லா நம்ம எல்லாரும்" என்றான் குரூசு. பிறகு என்னைப் பார்த்து, "மொதலாளி, ஒண்ணு கேக்கலாமா? மஞ்சக் கம்மல் போட்டதாப் பாத்துப் பாத்து இழுத்துட்டு வாரீங்க. வெள்ளைக் கம்மல் என்ன ஒங்களுக்கு மச்சினனா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "மஞ்சளெல்லாம் சந்தையில பிடிச்ச இளங்கிடா. கறி நல்லாருக்கும்" என்றேன்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சுடலை தலையைத் தூக்கிப் பார்த்தான். அவன்தான் கயத்தாற்றில் கொட்டகை போட்டு மூன்று வாரம் ஆடுகளைப் பார்த்துக்கொண்டவன். கொட்டகைக்குள் சந்தை ஆடு வரக் கூடாது என்று ஊர் டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்றவன். தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். நல்ல ஆள். வாய் திறக்கமாட்டான்.

செப்டம்பர் 24, புதன்

மஞ்சள் முப்பத்து மூன்று இருக்கிறது. ஒன்பது வாய், நாளுக்கு ஒன்று. முதல் தேதிக்குள் ஆகாது.

அதோடு தண்ணீர். தொட்டியில் நாளை வரைக்குத்தான் இருக்கிறது.

எங்களுக்குப் பின்னால் காற்றுப் போகிற திசையில் மூன்று கலங்கள் நிற்கின்றன. இரண்டு கல்லேற்றி வந்த தூத்துக்குடித் தோணிகள், ஒரு சிமெண்ட் கப்பல். கப்பலில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் மிஷின் இருக்கிறதாம், தண்டல் சொன்னார். என்ன கொடுத்தால் தருவான் என்று கேட்டேன். "அவன் டாலர்ல சம்பளம் வாங்குதவன். ஒம்மகிட்ட என்ன இருக்கு?" என்றார்.

என்னிடம் வாசனை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

பத்தரை மணி வயிறு காலியாகிற நேரம். குரூசிடம் அடுப்பை மேல்தளத்துக்கு, பின்பக்கம் கொண்டுவரச் சொன்னேன். ஆட்டுக் கொழுப்பை முதலில் உருக்கு, அதில் சின்ன வெங்காயத்தை முழுசாகப் போடு, கறியைத் தண்ணீர் விடாமல் வதக்கு, மிளகைக் கடைசியில் இடித்துப் போடு, மூடி போடாதே என்றேன்.

"மூடி போடாட்டா கறி வேவாது மொதலாளி."

"வேவுறதுக்கு இல்ல குரூசு. போறதுக்கு."

பதினொன்றுக்குச் சிமெண்ட் கப்பலின் கைப்பிடியில் நாலு தலை தெரிந்தது. பதினொன்றேகாலுக்குப் பத்து. சமையல்கார உடுப்புப் போட்ட குட்டையான மனிதர் ஒருவர் இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து என்னமோ கத்தினார். எந்தப் பாஷை என்று தெரியாது. எனக்குப் புரிந்தது. சிறு படகில் ஒரு வாளிக் கறியோடு நானே போனேன். அவர் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார், கண்ணை மூடினார், எலும்பைத் தன் ஆட்களிடம் காட்டினார். நான் ஒரு விரலைக் காட்டி ஆடு மாதிரிக் கத்தினேன். பிறகு பீப்பாயைக் காட்டினேன். அவர் ஒரு விரல், நான் மூன்று விரல், அவர் தலையைச் சொறிந்தார். இரண்டில் நின்றது. ஓர் ஆட்டுக்கு இரண்டு பீப்பாய் தண்ணீர்.

நாற்பது வருட வியாபாரத்தில் எத்தனையோ பேரம் முடித்திருக்கிறேன். இது மாதிரி ஒன்று இல்லை. தண்டல் என் முதுகில் தட்டி, "பாய், நீரு சாத்தானுக்கே சாம்பிராணி விப்பீரு" என்றார்.

செப்டம்பர் 26, வெள்ளி

எங்கள் சட்டிக்கு ஒன்று தவிர, தினம் மூன்று ஆடு போகிறது. கல் தோணிக்காரர்கள் அரிசியும் கருவாடும் தந்தார்கள். நம் ஆடுகள் வயிறு நிறையக் குடிக்கின்றன. ஆனால் இங்கே சாப்பாட்டில் தகராறு.

"இன்னைக்கு வெள்ளி மொதலாளி. நாங்க கறி தொடப்படாது" என்றான் குரூசு, முகத்தை ரொம்பப் பக்தியாக வைத்துக்கொண்டு.

தண்டல் பீடியை எடுத்து, "எலே, பெரிய வெள்ளிக்கே ஒளிச்சுத் தின்னவன் நீ. ஒனக்கு என்ன இப்ப புதுசா வெள்ளி?" என்றார். ஆனால் அவரும் கருவாட்டுச் சட்டியைத்தான் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்தக் கருவாட்டுக்கு ஆறு பேர் அடித்துக்கொண்டார்கள். என் கறிக்கு ஈ மட்டும்தான்.

நான் மட்டும் இரண்டு தட்டு தின்றேன். கொழுப்பு மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டுகிறது. என் கையை முகர்ந்தால் ஆட்டு வாடை, தலையணையில் ஆட்டு வாடை. யாரும் தின்னாவிட்டால் நான் தின்றாக வேண்டும். பிறந்ததிலிருந்து இவ்வளவு கறி தின்றதில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டில் பெருநாளுக்குப் பெருநாள்தான் கறி, அதுவும் யாராவது கொடுத்த பங்கு. அம்மா அதை உப்புக் கண்டம் போட்டு இரண்டு மாதம் வைத்திருப்பாள். வேண்டாம் என்று தட்டைத் தள்ளுகிறவனைப் பார்த்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும். இன்று நானே உள்ளே தள்ளித் தள்ளித்தான் முழுங்கினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இந்த டைரியில் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

ஆட்டை வெளிதேசம் அனுப்ப இருபத்தொரு நாள் தனியாக அடைத்து, ஊசி போட்டு, ரத்தம் பார்த்து, காதில் வில்லை மாட்டி, அந்த எண்களைப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன், நூற்றிருபதுக்கும். மூன்று வாரம் தின்று கொழுத்து ஆடுகள் பார்க்கப் பார்க்க ஆசையாக நின்றன. ஏற்றுவதற்கு ஐந்து நாள் முன்பு ஆவணிக் கோயில் கொடைக்கு ஆடு கேட்டு ஒரு ஊர்க்காரர்கள் வந்தார்கள். நாற்பது கிடா வேண்டும், இதுதான் வேண்டும் என்றார்கள். வாய்க்கு வந்த விலை சொன்னேன், மறுபேச்சு இல்லை. கைக்கு வந்த வியாபாரத்தை விட எனக்கு வராது. கொடுத்தேன். எட்டயபுரம் சந்தையில் நாற்பது பிடித்து, மஞ்சள் வில்லை வாங்கி, போன ஆடுகளின் எண்களை நானே பேனாவால் எழுதி மாட்டினேன். காது காதுதானே என்று நினைத்தேன்.

முதல் தேதி டாக்டர் வரும்போது மஞ்சள் ஒன்றும் இருக்கக் கூடாது. நாற்பது இங்கே தண்ணீரில்லாமல் செத்துப்போயிற்று, மீதி எண்பதும் பட்டியல்படி சரி. அதுதான் திட்டம். நோய் ஆடு ஒன்றுமில்லை, எல்லாம் ஊரே தின்கிற சந்தை ஆடு. யாருக்கும் கெடுதல் இல்லை.

இன்னும் பதினான்கு இருக்கிறது. ஒரு வேலைதான் மிச்சம், தண்டலிடம் பேச வேண்டும். தோணிப் புத்தகத்தில் அவர் கையால் எழுத வேண்டும்.

செப்டம்பர் 29, திங்கள்

காலையில் மூன்று ஆடு கப்பலுக்குப் போன பிறகு தண்டலிடம் போனேன். அவர் சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

"தண்டல், புத்தகத்துல ஒண்ணு எழுதணுமே."

"என்னத்த?"

"தண்ணி வரல, நங்கூரத்துல நாப்பது ஆடு செத்துப்போச்சுன்னு."

கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார். "செத்தது ஒண்ணுல்லா?"

"ஆமா."

"மத்தது நாம தின்னது. அவன் தின்னது. அறுத்துத் தின்னதைச் செத்ததுன்னு எழுதச் சொல்லுதீரா? எதுக்குவே?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். பத்துப் பதில் நாக்கில் வந்தது. அவர் பாதி முகம் சோப்பு நுரையோடு காத்திருந்தார். எனக்கு என்ன ஆயிற்றோ, உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஊரிலிருந்து காகிதம் எதுவும் வராது என்பதையும் சேர்த்து.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்தார், மீதிப் பாதியை மழிக்காமலே.

"அப்ப எம் பயலுவளுக்கு நீரு விருந்து போடல. ஒம்ம திருட்ட அவனுவ வயித்துல ஒளிச்சு வச்சிருக்கீரு."

"டாக்டர் பயப்படுத ஆட்டு நோய் மனுசனுக்கு வராது தண்டல்."

"வராதுன்னு ஒமக்குத் தெரியும். எனக்குச் சொன்னீரா?"

பிறகு ஒரு விஷயம் நானே சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. "எழுதிட்டா முதல் தேதியே எறக்கிருவோம். ஆறாந்தேதி நீரு வீட்டுல. எழுதாட்டா இருபத்தொரு நாள் இங்கயே நிக்கச் சொல்லுவான். ஒம்ம மவ கல்யாணம்..."

"தெரியுதுவே. எனக்கும் நாள் எண்ணத் தெரியும்."

சோப்புத் தண்ணீரைக் கடலில் ஊற்றினார். அப்புறம் சொன்னார். "அந்தப் புத்தகத்துல முப்பத்தோரு வருசமா நான் எழுதுதேன். எங்க அப்பா எழுதுனாரு. அதுல பொய் எழுதிட்டுப் போயி அவளைக் கைபிடிச்சுக் கோயில்ல நடத்திட்டுப் போவ எனக்கு ஏலாது. டாக்டர் என்னைக் கேட்டா உள்ளதைச் சொல்லுவேன். கேக்காட்டா சொல்லமாட்டேன். ஒம்ம பாட்டை நீரு பாரும்."

மத்தியானம் குரூசு கறி வைக்கவில்லை. கஞ்சியும் துவையலும் வைத்தான். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

பதினொரு மஞ்சள்.

சுடலை காலையிலேயே வந்து, "பதினொண்ணையும் இன்னைக்கே முடிச்சிரலாம் மொதலாளி. கப்பல்காரன் கையை ஆட்டுதான்" என்றான். ஆமாம், முடித்துவிடலாம். டாக்டர் தண்டலைக் கேட்காமலும் போகலாம். ஹுசைனைப் பிடித்தால் கேட்காமலே பார்த்துக்கொள்வார். பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதைவிட மோசமான வாய்ப்பில் நான் சந்தையில் இறங்கியிருக்கிறேன்.

கத்தியைத் தீட்டிக்கொண்டு மேலே வந்தேன். தண்டல் ஐந்தடி தள்ளி உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பார்வை பார்த்தார், மறுபடி கயிற்றில் குனிந்துகொண்டார். தடுக்கவில்லை. முதல் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என் சட்டை நுனியைத் தின்னப் பார்த்தது.

தடுத்திருந்தால் அறுத்திருப்பேன். எதிர்த்து நிற்கிற ஆளைத் தாண்டிப் போக எனக்குத் தெரியும். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் ஆகவில்லை. நாளை அந்த மனிதனை ஒரு டாக்டர் முன்னால் நிறுத்தி, மகள் கல்யாணமா வாய்ச்சொல்லா என்று முடிவெடுக்க வைக்கப் போகிறேன் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

ஆட்டை அடைப்பில் விட்டேன். சுடலைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

டாக்டர் பத்து மணிக்கு வந்தார். ஹுசைன் என் கண்ணைப் பார்க்கவில்லை. பதினொரு மஞ்சளையும் தனியாக நிறுத்தி வைத்திருந்தேன். டாக்டர் தண்டல் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அவர் கேட்குமுன் நான் சொன்னேன். நாற்பதும் பட்டியல் ஆடு இல்லை, எண் என் கையெழுத்து, இருபத்தெட்டை அறுத்துத் தின்றும் கொடுத்தும் தீர்த்தோம், ஒன்று செத்தது, தண்டலுக்கு இதில் சம்பந்தமில்லை, முந்தாநாள் வரை தெரியாது. ஹுசைன் மொழிபெயர்க்கும்போது பாதியில் நிறுத்தி, "மைதீன் பாய், இதைச் சொல்லத்தான் வேணுமா?" என்றார். சொல்லும் என்றேன்.

டாக்டர் எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். முடிவு: கலந்து நின்றதால் எல்லா ஆடும் இன்றிலிருந்து இருபத்தொரு நாள் இங்கேயே நிற்க வேண்டும். ரத்தம் மறுபடி பார்ப்பார்கள். இருபத்திரண்டாம் தேதி சுத்தமாக இருந்தால் எண்பதும் இறங்கலாம். மஞ்சளைத் தனி அடைப்பில் கட்டி, ஊருக்கும் எடுத்துப்போகாமல், கடைசியில் அவர்கள் கையில் விட வேண்டும். அபராதம் தனி. தண்ணீரும் தீவனமும் இனி கரையிலிருந்து வரும், விலைக்கு.

தண்டலை மட்டும் விடச் சொல்லிக் கேட்டேன். தண்டல் இல்லாமல் தோணி நிற்க முடியாதாம். அவருக்கே அது தெரியும். நான் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே போய்விட்டார்.

பெருநாளுக்கு மூன்று நாள். இந்த வருடச் சரக்கு தீர்ந்தது. பெருநாள் முடிந்த பிறகு இறங்குகிற குர்பானி ஆடு வெறும் ஆடு.

அக்டோபர் 4, சனி

பெருநாள். தீவிலிருந்து தக்பீர் சத்தம் தண்ணீர் மேல் வந்தது. தளத்தில் தனியாகத் தொழுதேன். வெள்ளை வில்லையில் மேலானது ஒன்றை எனக்காகக் குர்பானி கொடுத்தேன், டாக்டரிடம் அனுமதி கேட்டுத்தான். மூன்று பங்கு வைக்க வேண்டும், எனக்கு, சொந்தத்துக்கு, ஏழைக்கு. சொந்தம் என்று இங்கே யார். மூன்றையும் குரூசிடம் கொடுத்தேன். அவன் தண்டல் முகத்தைப் பார்த்தான். அவர் தலையை ஆட்டவில்லை. கறி கல் தோணிக்குப் போயிற்று. நாங்கள் பருப்புச் சோறு தின்றோம்.

அக்டோபர் 8, புதன்

ஒன்றுமில்லை. தண்ணீர் வந்தது. மழை.

அக்டோபர் 10, வெள்ளி

கல் தோணி ஒன்று ஊருக்குக் கிளம்பியது. தண்டல் அதில் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டார். மகளுக்கு வாங்கியிருந்த சேலையாம், குரூசு சொன்னான். திங்கள்கிழமை காலைக்குள் போய்ச் சேரும். தோணி மறைகிற வரை அவர் தளத்தில் நின்றார். பத்தடி தள்ளி நானும் நின்றேன். என்னோடு அவர் பேசி ஒன்பது நாள் ஆகிறது.

அக்டோபர் 13, திங்கள்

காலை எட்டு மணிக்குத் தண்டல் என்னிடம் வந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்.

"ஒரு ஆடு வேணும். வெள்ளைக் கம்மலு. நல்லதா."

"எடுத்துக்கிடும் தண்டல். எதுன்னாலும்."

"வெலை சொல்லும்."

"ஒம்ம மவ கல்யாணத்துக்கு நான் வெலையா..."

"சந்தை வெலை சொல்லும்வே. கூடவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்."

ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்தேன். இடுப்பைப் பிடித்துப் பார்த்தேன். எந்த ஆட்டையும் ஒரு பார்வையில் விலை வைப்பேன், இதற்கு வாய் எழவில்லை. அவர் காத்துக்கொண்டு நின்றார். கடைசியில் சொன்னேன், சரியான விலை. நோட்டுகளை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஆட்டை அவரே இழுத்துக்கொண்டு போனார். பிஸ்மி சொல்லி அறுக்க மட்டும் என்னைக் கூப்பிட்டார், நானும் சாப்பிட வேண்டும் என்பதற்காக.

பத்தரைக்கு அங்கே தாலி. பத்தரைக்குத் தண்டல் ஊர் இருக்கிற திசையைப் பார்த்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். ஆட்கள் பின்னால் நின்றார்கள். அவ்வளவுதான் கல்யாணம்.

குரூசு இன்றைக்குச் சமைத்த மாதிரி முன்பு சமைத்ததில்லை. தேங்காய்ப்பாலும் முந்திரியும் கல் தோணியிலிருந்து கடன். நல்லி எலும்பைத் தனியாக வேகவைத்துக் குழம்பில் சேர்த்தான். பதினைந்து நாள் கறியைப் பார்த்தால் முகம் திருப்பியவர்கள் மூடியைத் திறந்ததும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். தளத்தில் வரிசையாக எட்டுத் தட்டு. பெண்ணைப் பெற்றவர் பந்தியில் உட்காரக் கூடாது, நின்று பரிமாற வேண்டும். தண்டல் கரண்டியோடு நின்றார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரனுவ மாதிரி மொறைக்காதியல. தின்னுங்க."

"பாயசம் எங்க சம்பந்தி?" என்றான் குரூசு. சிரிப்பு வந்தது, அவருக்கும்.

நான் கடைசித் தட்டு. மற்றவர்களுக்குப் போட்ட அளவு சோறு போட்டார். ஒரு நல்லி, இரண்டு துண்டு சதை, பார்த்துத் தேடி எடுத்து வைத்தார். பிசைந்து வாயில் வைத்தேன். மிளகும் தேங்காய்ப்பாலும் தாண்டி அந்த இலைதழை ருசி வந்தது. எனக்குப் பசி என்று அப்போதுதான் தெரிந்தது. நல்லியைத் தட்டி உறிஞ்சினேன். நிமிர்ந்தால் அவர் இன்னும் அங்கேயே நிற்கிறார்.

"கொழம்பு விடவா பாய்?"

"விடும்."

விட்டார். கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, பரிமாறுகிற அதே குரலில் சொன்னார்: "இருபத்திரெண்டு ஒம்ம ஆட்டை எறக்கிட்டா, இருபத்திமூணு விடியக்காலம் நான் நங்கூரம் எடுத்துருவேன். நீரு வேற தோணி பாத்து ஊருக்கு வாரும்."

"சரி தண்டல்."

"இன்னொரு துண்டு வைக்கேன், தின்னும்."

வைத்தார். பிறகு முதல் தட்டில் சோறு தீர்ந்துவிட்டது என்று அங்கே போனார்.